இருபத்தேழு புள்ளி ஐந்து இரண்டு

ஜனவரி 8, திங்கள்

பயிற்சி முடிந்ததும் விரிவான அறிக்கை வேண்டும் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். போன முறை ஞாபகத்திலிருந்து எழுதி மாட்டிக்கொண்டேன். அதனால் இந்த முறை தினமும் கொஞ்சம் குறித்து வைப்பதென்று இந்த நோட்டு.

வனக் கல்லூரியில் கணினி சொல்லித்தர வந்து ஒன்பது வருடம். நான் படித்தது எம்.சி.ஏ. மரத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் வேம்பும் புளியும் தவிர வேறு தெரியாது. இன்று சேர்ந்திருப்பவர்கள் பதினெட்டு பேர். எல்லோரும் வனவர்களாக இருபது வருடத்துக்கு மேல் காட்டில் நடந்தவர்கள். இப்போது வனச்சரகராகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. அது உறுதியாக வேண்டுமென்றால் ஐந்து வாரம் இங்கே தங்கி கணினி, செயற்கைக்கோள் படம், ஜி.பி.எஸ். எல்லாம் கற்று, தேர்வில் நூற்றுக்கு ஐம்பது எடுக்க வேண்டும். எடுக்காதவர்கள் இன்னும் மூன்று வாரம் தங்கி மறுபடி எழுத வேண்டும்.

ஆய்வகத்தில் இருபது கணினிகள். ஓடுவது பதினாறு. ஏ.சி. ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம்.

ஜனவரி 10, புதன்

மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. பதினாலாம் எண் கணினியில் இருந்தவர் திடீரென்று எழுந்து நின்றார்.

"மேடம், மேசை பத்தலீங்க."

போய்ப் பார்த்தேன். அம்புக்குறியைத் திரையின் மூலைக்குக் கொண்டுபோக மவுஸை மேசை விளிம்புவரை இழுத்திருக்கிறார். அதற்குமேல் இடமில்லை. தூக்கி நடுவில் வைத்தால் போதும் என்று காட்டினேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். "இது தெரியாம பக்கத்துக்காரர எந்திரிக்கச் சொல்லலாம்னு இருந்தனுங்க."

பெயர் சென்னியப்பன். வயது நாற்பத்தெட்டு. கோபிப் பக்கம்.

ஜனவரி 12, வெள்ளி

செயற்கைக்கோள் படம் வகுப்பு. வழக்கமாகக் காட்டும் படத்தைப் போட்டேன். பச்சைத் திட்டுகளுக்கு நடுவே கறுப்பாக நெளிந்து போகும் ஒரு பட்டை. "இது என்ன?" என்று கேட்டால் எல்லோரும் ஆறு என்பார்கள், நானும் ஆமாம் என்பேன்.

சென்னியப்பன் பின்னாலிருந்து சொன்னார். "தண்ணி தெரியலீங்க மேடம். தெரியறது மருத மரம். ஓடைக்கு ரெண்டு கரையிலயும் நிக்கும், மேல கூடிக்கும். கீழ தண்ணி இருக்குதோ என்னமோ, இது மாசிக்கு முன்னால எடுத்த படம், இருக்கும்."

களக் குறிப்பு கோப்பை எடுத்துப் பார்த்தேன். மருத மரங்கள்தான். படம் ஜனவரியில் எடுத்தது. ஒன்பது வருடமாக மரங்களைக் காட்டி ஆறு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பிவிட்டார்கள். சென்னியப்பன் ஊரிலிருந்து நாட்டுச் சர்க்கரை கொண்டுவந்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு மட்டும் என்றில்லை.

குக்கர் கேஸ்கட் மாற்ற வேண்டும்.

ஜனவரி 25, வியாழன்

இன்று அட்சரேகை, தீர்க்கரேகை. எந்த வருடமும் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். ஒரு நிமிடத்துக்கு அறுபது விநாடி. இதுவரை எல்லோருக்கும் புரியும். ஆனால் காட்டில் தீ பிடித்தால் செயற்கைக்கோளிலிருந்து வரும் தகவலில் விநாடி இருக்காது. நிமிடத்தையே தசமப் புள்ளி வைத்து அனுப்பும். 27.50 நிமிடம் என்று வந்தால் இருபத்தேழரை நிமிடம், அதாவது 27 நிமிடம் 30 விநாடி. பார்க்கிறவர் கண்ணுக்கு அது 27 நிமிடம் 50 விநாடி என்றே படும்.

சென்னியப்பன் கையைத் தூக்கினார். "மேடம், பஸ் ஸ்டாண்டுல ஏழு புள்ளி நாப்பத்தஞ்சுன்னு எழுதியிருந்தா ஏழு மணி நாப்பத்தஞ்சு நிமிஷந்தானுங்களே? புள்ளிக்கு அக்கட்டால இருக்கறது நிமிஷம். இங்க மட்டும் எப்படீங்க மாறும்?"

நல்ல கேள்வி. இத்தனை வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. தவறு எங்கிருந்து வருகிறதென்று எனக்கும் இப்போதுதான் தெரிந்தது. பலகையில் மூன்று தடவை போட்டுக் காட்டினேன். தலையாட்டினார். பயிற்சித் தாளில் பழையபடியே எழுதியிருந்தார்.

பிப்ரவரி 1, வியாழன்

நாலரை மணிக்கு மேல் தனியாக ஒரு மணி நேரம் சொல்லித்தரட்டுமா என்று நான்தான் கேட்டேன். பின்தங்கியவர்களுக்குக் கூடுதல் வகுப்பு எடுக்கலாம் என்று விதியே இருக்கிறது. பின்தங்கியவர்கள் நான்கு பேர். வந்தவர் ஒருவர்.

எக்செல் கொஞ்சம் படிந்துவிட்டது. வரைபடத்தில் எல்லை போடுகிறார். இரண்டு விரலால்தான் தட்டுகிறார், ஆனால் பிழையில்லாமல் தட்டுகிறார். டீ வந்ததும் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. மனைவி இறந்து ஐந்து வருடமாம். ஒரே மகள், இந்துஜா. "எங்க அம்மிணி ஈரோட்டுல நர்ஸிங் படிக்குதுங்க. போன்ல நான் எழுத்துக்கூட்டி மெசேஜ் போட்டா திருத்தி அனுப்புதுங்க."

என் வீட்டில் யார் யார் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் முடிந்துபோன கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல அவசியமில்லை. ஆனால் சொன்னேன். "டீ ஆறுதுங்க" என்றார்.

கூடுதல் வகுப்பு என்று பதிவேட்டில் குறித்திருக்கிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அவருக்குப் புதிய சரகம் ஒதுக்கி ஆணை வந்துவிட்டது. இதுவரை வேலை பார்த்த காடு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், ஒருமுறைகூடப் போகாத இடம்.

"பழைய காடா இருந்தா கண்ணக் கட்டி உட்டாலும் எந்தப் பள்ளம்னு சொல்லீருவனுங்க. அங்க இனி நம்பர வெச்சுத்தான் நடக்கோணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க தொணை."

அங்கே ஏழு மாதமாகச் சரகர் இல்லையாம். மாசி பிறந்தால் தீ பிடிக்க ஆரம்பித்துவிடும், ஆளில்லாமல் காவலர்கள் தவிக்கிறார்கள் என்றார். தேர்வு முடிந்த மறுநாளே போய்ச் சேர வேண்டும் என்று துடிக்கிறார்.

பிப்ரவரி 8, வியாழன்

தேர்வு. மின்சாரம் போகவில்லை. அதிசயம்.

பிப்ரவரி 9, வெள்ளி

பதினெட்டுத் தாள்களும் திருத்தி முடித்தேன். பதினேழு பேர் தேறிவிட்டார்கள்.

சென்னியப்பன் 44.

ஏழாவது கேள்விதான் காரணம். நிமிடப் புள்ளியை விநாடியாக்கும் கணக்கு ஐந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண். ஐந்தையும் பஸ் நேரம் மாதிரியே எழுதியிருக்கிறார். 14.36 என்றால் 14 நிமிடம் 36 விநாடி. முயற்சிக்கு மூன்று போட்டிருந்தேன்.

தாளை மூடிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மறுபடி திறந்தேன். இவர் தேறாவிட்டால் மார்ச் தொடக்கம் வரை இங்கேதான் இருப்பார். மூன்று வாரம். தினமும் நாலரை மணிக்கு வருவார். அதை நினைத்ததும் எனக்குள் ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் தோற்க வேண்டுமென்று ஓர் ஆசிரியைக்கு ஆசை வரலாமா? அப்படியானால் நான் போட்ட 44 நேர்மையான 44-தானா, அல்லது அவரை இருத்திவைக்கக் கையை இறுக்கிப் போட்டதா?

திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஐந்து கணக்கிலும் இருப்பது ஒரே தவறு. ஒரே தவறுக்கு ஐந்து முறை தண்டிப்பது நியாயமில்லை. ஒருமுறை கழித்தால் பன்னிரண்டு வரும்; தேற ஒன்பது போதும். இதைப் பல ஆசிரியர்கள் செய்கிறார்கள்.

3-ஐ 9 ஆக்கினேன். மேலே ஒரு வளைவு போட்டால் ஆகிவிடுகிறது. 50.

பிப்ரவரி 10, சனி

சான்றிதழ் வழங்கினோம். சென்னியப்பன் பழுப்புக் கலர் சட்டை, புதுசு, மடிப்புக் கலையவில்லை. கும்பிட்டார். "பாஸாக மாட்டன்னு நெனச்சனுங்க மேடம். ஏழாவது கேள்வி சந்தேகமாவே இருந்துச்சு."

"பரவாயில்ல, கிடைச்சிடுச்சு இல்ல" என்றேன்.

பதினொன்றரைக்குப் பஸ் ஏறினார். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அறிக்கையை எழுதி முடித்தாயிற்று. இனி இந்த நோட்டுக்கு வேலையில்லை.

பிப்ரவரி 21, புதன்

சென்னியப்பன் போனில் பேசினார். மாத அறிக்கையை மின்னஞ்சலில் எப்படி இணைப்பது என்று கேட்டார். சொன்னேன். அனுப்பிவிட்டு, வந்துவிட்டதா என்று எனக்கே ஒரு பிரதி போட்டுச் சோதித்தார். நாற்பது நிமிடம் பேசியிருக்கிறோம்.

நடுவில், "எல்லாம் கைக்கு வந்துருச்சுங்க. அந்தப் புள்ளிக் கணக்குத்தான் இன்னும் கொழப்புதுங்க" என்றார். அதை ஒரு நாள் நிதானமாகப் போனிலேயே சொல்லித் தருகிறேன் என்றேன். அதற்குள் அவர் முகாம் அலுவலகத்துக் கூரைமேல் ஏறிய கரடியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வெகு நாளைக்கப்புறம் அவ்வளவு சிரித்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

மறுபடி பேசினார். முருங்கைக்காய்க் குழம்பு அடுப்பில் இருந்தது, அடி பிடித்துவிட்டது. அங்கே புரசு பூத்திருக்கிறதாம். "காடே பத்தி எரியற மாதிரி இருக்குதுங்க. மொத நா பாத்துட்டு நெசமாவே தீயின்னு ஓடுனனுங்க." நான் புரசு மரம் பார்த்ததில்லை என்றேன். இந்தத் தீ சீசன் முடியட்டும் என்றார்.

போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, புள்ளிக் கணக்கு பேசவில்லை. அடுத்த முறை.

மார்ச் 13, புதன்

அந்தப் பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி. நேற்று மதியம் காட்டுத்தீ. சரகர் சென்னியப்பன் இறந்துவிட்டார். கூட இருந்த இரண்டு காவலர்கள் தீக்காயத்தோடு பிழைத்துவிட்டார்கள்.

படமாகப் போட்டிருப்பது இங்கே பயிற்சிக்கு வந்தபோது எடுத்த பாஸ்போர்ட் அளவு.

பத்து மணிக்கு இரண்டாம் ஆண்டு வகுப்பு இருந்தது. எடுத்தேன்.

மார்ச் 14, வியாழன்

முதல்வரோடு கல்லூரி சார்பில் இறுதிச் சடங்குக்குப் போனேன். மாலை வைத்தோம். முகம் காட்டவில்லை. துணி சுற்றியிருந்தது. குண்டு முழங்க மரியாதை செய்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் மகள் தோள் அதிர்ந்தது. அவர் சொன்ன இந்துஜா இவள்தான் என்று யாரும் காட்டாமலே தெரிந்தது. நான் அவளருகில் போகவில்லை. அங்கே நான் யார்? மூன்றாவது வரிசையில் நின்றிருந்த கல்லூரி ஆசிரியை.

திரும்பும்போது முதல்வர் வழியில் காபி குடிக்க நிறுத்தினார். நானும் குடித்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

அந்தக் குழுவில் படித்த இருதயராஜ் பேசினார். அவரும் இப்போது பக்கத்துச் சரகத்தில் இருக்கிறார், தீயணைக்கப் போனவர்களில் ஒருவர்.

"மேடம், ஒண்ணுமே புரியல. தீ பிடிச்சது சரிவுக்குக் கீழ. ரோட்டுப் பக்கமா போய் தீத்தடுப்புக் கோடு வெட்டிருந்தா அரை நாள்ல அடங்கியிருக்கும். இவரு எதுக்கு மேல ஏறிப் போனாருன்னு தெரியல. மேல பூரா காஞ்ச உண்ணிச்செடிப் புதர். கீழயிருந்து தீ ஏறி வந்துருச்சு. ரெண்டு பசங்களையும் பாறைப் பக்கம் தள்ளிவிட்டுட்டு இவரு மாட்டிக்கிட்டாரு."

அவருடைய ஜி.பி.எஸ். கருவி கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்திருக்கிறது. அதில் போக வேண்டிய இடத்தின் அட்சரேகையாகச் சென்னியப்பன் குறித்து வைத்திருந்தது: பதினொரு டிகிரி, 27 நிமிடம், 52 விநாடி.

"தகவல் என்னன்னு வந்திருக்கு?"

"பதினொண்ணு டிகிரி, இருபத்தேழு புள்ளி அஞ்சு ரெண்டு நிமிஷம்னு வந்திருக்கு மேடம்."

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். 27.52 நிமிடம் என்பது 27 நிமிடம் 31 விநாடி. அவர் குறித்தது 52 விநாடி. வித்தியாசம் இருபத்தொரு விநாடி. ஒரு விநாடிக்குத் தரையில் ஏறக்குறைய முப்பதரை மீட்டர்.

அறுநூற்று நாற்பது மீட்டர். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அதுவே வந்தது.

மார்ச் 20, புதன்

தண்ணீர் வரவில்லை. லாரி சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். சர்ச்சுக்குப் போகவில்லை. துணி துவைத்தேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மதியம் ஒரு பெண் ஆய்வகத்துக்கு வந்தாள். இருபத்து நாலு வயதிருக்கும். பெயர் முத்தரசி, வனக் காவலர், ஊர் தேனிப் பக்கம். கோட்ட அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. காட்டுக்குள் செல்போன் எடுக்காது. அதனால் செயற்கைக்கோள் தகவல் வந்தால் கணினியில் பார்த்து வாக்கி டாக்கியில் வாசித்துச் சொல்வது அவள்தான். அன்றைக்கு வாசித்தவளும் அவள்தான். இப்போது தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறாள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், நான் புள்ளின்னு சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். சாமி சத்தியமா சொன்னேன். வாக்கி டாக்கில பேசுனது பதிவாகாது, கூட இருந்த ரெண்டு பேருக்கும் ஞாபகமில்லையாம். நான் புள்ளிய விட்டுட்டேன்னு எழுதப் போறாங்க."

"அவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கலாம்னு நீ சொல்லலையா?"

"சொன்னேன் மேடம். விசாரணை பண்ற ஐயா உங்க காலேஜ் மார்க் லிஸ்ட்ட காட்டுறாரு. இந்தப் புள்ளிக் கணக்குல சாருக்குப் பதினஞ்சுக்கு ஒம்பது மார்க்காம். 'பாதிக்கு மேல வாங்குனவருக்கு இது தெரியாமயா இருக்கும், அப்ப தப்பு உம்மேலதான்'ங்கிறாரு." நின்றபடியே சொன்னாள். "எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு மேடம். நாந்தான் சொல்லாம விட்டுட்டேனோ? தூங்க முடியல. சார் நல்லவரு மேடம். மைக்ல கூப்பிட்டா 'சொல்லு சாமி'ம்பாரு. நாந்தான் கொன்னுட்டேனா?"

அந்த விடைத்தாளைப் பார்க்க முடியுமா, அவருக்கு நிஜமாகவே தெரியுமா என்று கேட்கத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன். வேறென்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. விடைத்தாள் அவள் நின்ற இடத்திலிருந்து நாலடி தள்ளி பீரோவில் இருந்தது. சாவி என் கையில் இருந்தது.

ஏப்ரல் 3, புதன்

முதல்வரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல. மதிப்பெண்ணைத் திருத்தினேன் என்பதை மட்டும்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஹெப்சிபா, மார்க் லிஸ்ட் கேட்டாங்க, குடுத்தாச்சு. விடைத்தாள யாரும் கேக்கல. மூணு மாசம் வெச்சிருந்தாப் போதும்னு ரூல் இருக்கு. மே பத்தாம் தேதி ஆச்சுன்னா நாமளே அழிச்சுடலாம். ஒரு ஆள் போயாச்சு. இப்ப உங்க வேலையும் போய் யாருக்கு என்ன லாபம்?"

"அந்தப் பொண்ணு?"

"சின்ன வயசு. எச்சரிக்கையோட விட்டுடுவாங்க."

விட்டுவிடுவார்களா என்று தெரியாது. அவருக்கும் தெரியாது.

ஏப்ரல் 4, வியாழன்

கொடுக்கவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

இன்றும் விடைத்தாளைக் கொடுக்கவில்லை. ஏ.சி. மெக்கானிக் வந்தார். ஒழுகல் நின்றுவிட்டது.

ஏப்ரல் 8, திங்கள்

விடுப்புச் சொல்லிவிட்டு விடைத்தாளை எடுத்துக்கொண்டு நேராகக் கோட்ட அலுவலகத்துக்குப் போனேன். விசாரணை அதிகாரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காத்திருந்தேன்.

தாளை விரித்து ஏழாம் கேள்வியைக் காட்டினேன். "ஐந்து கணக்கு. ஐந்திலும் புள்ளி இருக்கிறது. ஐந்திலும் புள்ளியைப் பார்த்துவிட்டேதான் அதை விநாடியாக எழுதியிருக்கிறார். அந்தப் பெண் புள்ளி என்று சொல்லியிருந்தாலும் அவர் ஐம்பத்திரண்டு விநாடி என்றுதான் குறித்திருப்பார். இந்த ஒன்பது முதலில் மூன்றாக இருந்தது. நான் திருத்தினேன்."

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏன் மேடம்?"

"ஒரே தவறு என்று நினைத்தேன்."

"சென்னியப்பன் கேட்டுக்கிட்டாரா?"

"இல்லை. அவருக்குத் தெரியாது. அவர் தேறிவிட்டதாகவே நம்பினார்."

இதைச் சொல்லும்போதுதான் அது எனக்கே உறைத்தது. சந்தேகமாக இருக்கிறது என்று அவர் சொன்னார். நான்தான் கிடைத்துவிட்டது என்றேன். அவர் தன் தவறு தெரியாமலே காட்டுக்குள் போக என் சிவப்பு மைதான் காரணம்.

எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை வந்துவிட்டது. அவரே திருத்திக் கொடுத்தார்.

ஏப்ரல் 22, திங்கள்

தற்காலிகப் பணிநீக்க ஆணை வாங்கிக்கொண்டேன். குடியிருப்பை மே மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். முத்தரசியை வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். மாலையில் பேசினாள். நன்றி என்று ஆரம்பித்து, பிறகு அழுதாள்.

நாகர்கோவிலிலிருந்து தம்பி வரச் சொல்கிறான்.

மே 11, சனி

புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ நின்றார்கள். இந்துஜா. கையில் விசாரணை அறிக்கையின் நகல்.

"நீங்கதான் ஹெப்சிபா மேடமுங்களா?"

உள்ளே கூப்பிட்டேன். நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. அப்பாவின் நெற்றி.

"இதுல எழுதியிருக்கறது எல்லாம் நெசமுங்களா?"

"நிஜம்மா."

"எனக்கு இந்தக் கணக்குப் புரியலீங்க. சொல்லிக் குடுங்க."

பெட்டியில் வைத்த நோட்டை வெளியே எடுத்து, அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அறுபது நிமிடம், அறுபது விநாடி, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அறுபதால் பெருக்க வேண்டும். நர்ஸிங் படிக்கிற பெண். மருந்து அளவுக் கணக்கு பழகியிருக்கிறது. ஒருமுறை சொன்னதும் பென்சிலை வாங்கி அவளே போட்டாள். முப்பத்தொன்று புள்ளி இரண்டு என்று எழுதி, அடியில் கோடு கிழித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான்."

"நீங்க ஃபெயில் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"இன்னும் மூணு வாரம் இங்கே தங்கியிருப்பார். மறுபடி எழுதியிருப்பார்."

"அதுக்குள்ள இதக் கத்துக்கிட்டிருப்பாருங்களா?"

எனக்குத் தப்பித்துக்கொள்ள இடமிருந்தது. சிலருக்கு எத்தனை வாரம் ஆனாலும் வராது என்று சொல்லியிருக்கலாம். "கத்துக்கிட்டிருப்பார். தினமும் சொல்லிக் கொடுத்திருப்பேன்" என்றேன்.

"அப்ப எங்கப்பா இருந்திருப்பாரு."

"ஆமா."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நோயாளியைப் பார்ப்பது போல, கோபமில்லாமல், பக்கத்தில் வராமல்.

"எதுக்கு மார்க் போட்டீங்க?"

"நல்ல மனுஷர். நாலு பேர் முன்னால தோத்துப் போக வேண்டாம்னு."

"தோத்துப் போயிருந்தா என்னங்க? வூட்டுக்கு வந்து சிரிச்சிக்கிட்டே சொல்லியிருப்பாரு. எங்கப்பாவுக்கு அதெல்லாம் வெக்கமே இல்லீங்க." எழுந்துகொண்டாள். "உங்கள மன்னிக்கறதுக்கு வரலீங்க. கேக்கறதுக்குத்தான் வந்தேன். நெசத்தச் சொன்னீங்க. போறனுங்க."

பஸ் நிறுத்தம் வரை வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

மே 12, ஞாயிறு

நேற்று நடந்ததை முழுதாக எழுதவில்லை.

கேட்டைத் திறந்து வெளியே போனவள் திரும்பி வந்தாள். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்.

"கடைசியா லீவுல வந்தப்ப அப்பா ஒண்ணு சொன்னாருங்க. சீசன் முடிஞ்சதும் ஒரு நாள் காலேஜுக்குப் போலாம் அம்மிணி, மேடத்த நீ பாக்கோணும், உனக்குப் புடிக்கும்னாரு. எதுக்குப்பா நான் பாக்கோணும்னு கேட்டேன். ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தாரு. கண்ணாடியப் பாத்துச் சிரிச்சாரு."

வெயில் அவள் முகத்தில் அடித்தது. கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"எதுக்குங்க மேடம்? உங்களுக்குத் தெரியுமா?"

மற்ற எல்லாக் கேள்விக்கும் அவளுக்கு உண்மையைச் சொல்லியிருந்தேன்.

"தெரியாதும்மா" என்றேன்.